ஓ.எஸ். போடுவதற்கு முன்னால்

(சேலம் மாவட்டம், ஏற்காடு மலையிலுள்ள கொட்டச்சேட்டில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'பள்ளிக் கணினிப் பராமரிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். அது ஒரு நாளில் முடிகிற பேச்சு அல்ல. நான் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணினி கிளம்ப மறுக்கிறது, நீலத்திரை வருகிறது, அல்லது பாதி வழியில் நின்றுவிடுகிறது. உடனே நாம் சொல்வது என்ன? "ஓ.எஸ். போடணும்." இயங்குதளத்தை மறுபடி நிறுவுவதற்கு நம் பேச்சுவழக்கில் உள்ள பெயர் அது. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு, ஓ.எஸ். போடுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. பக்கத்துத் தெருவில் கடை இருக்கும். இங்கே அப்படியில்லை. கணினிப் பெட்டியைச் சாக்கில் கட்டி, குப்பனூர் வழியாகவோ இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியோ சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடைக்காரத் தம்பி அதை வாங்கி வைத்துக்கொண்டு, "நாளன்னைக்கு வாங்க சார்" என்பார். இரண்டு நாள் கழித்துப் போனால் கணினி பளிச்சென்று ஓடும். ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. தம்பி மேல் தவறில்லை. "உள்ளே என்ன இருக்கு?" என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இந்த மலையில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே அப்படிப் போய் வந்த ஒரு கணினியில் என்னென்ன இருந்தன என்று அந்தப் பள்ளி ஆசிரியை எனக்கு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஐந்தாண்டு வினாத்தாள்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்காக அவரே தயாரித்த பயிற்சித் தாள்கள். மாணவர்களின் சாதிச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்த ஒரு கோப்புறை. கடைசியாகச் சொன்னேனே, அது என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வருவது. பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அசல் சான்றிதழ் தகரப் பெட்டியில் நனைந்து கிழிந்தால், பள்ளிக் கணினியில் இருக்கும் நகல்தான் அடுத்த விண்ணப்பத்துக்கு ஆதாரம். முந்நூறு ரூபாய்க்கு ஓ.எஸ். போட்டதில் அந்தக் கோப்புறை போயிற்று.

எனவே முதலில் மூன்று பொருளை மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். வட்டு, சாவி எண், நம் கோப்புகள். நம்மில் பலர் வட்டைத்தான் பூட்டி வைப்போம். உறை கலையாமல், பீரோவில், பதிவேட்டுக்கு அடியில். ஆனால் மூன்றில் மிக எளிதாக மறுபடி கிடைப்பது வட்டுதான். அதே பதிப்பின் வட்டு இன்னொரு பள்ளியில் இருந்தால் இரவல் வாங்கலாம். இப்போது நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளவும் முடிகிறது. அதோடு, நம் மலை ஈரத்தில் வட்டின் மேல் பூஞ்சை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். வட்டை நம்பி இருக்காதீர்கள். அந்த வட்டைப் பயன்படுத்தும் உரிமை இருக்கிறதே, அதுதான் சாவி எண்ணாக அச்சிடப்பட்டிருக்கிறது. வட்டு பேருந்து என்றால் சாவி எண் பயணச்சீட்டு. பேருந்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதில்லை.

அந்தச் சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறது? விண்டோஸ் 7 காலத்து மேசைக் கணினி என்றால் பெட்டியின் பக்கவாட்டில் அல்லது மேலே. மடிக்கணினி என்றால் அடியில், சிலவற்றில் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே. ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதி, மொத்தம் 25 எழுத்தும் எண்ணும். மடியில் வைத்துத் தேய்ந்து, பிள்ளைகள் கை பட்டு, பாதி அழிந்திருக்கும். "இது ஓ-வா, பூஜ்யமா? எஸ்-ஸா, ஐந்தா?" என்று கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்ப்போம். ஒரு சிறு செய்தி உதவும். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 சாவிகளில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் கிடையாது. எல், என், எஸ், இசட் ஆகியவையும் கிடையாது. எண்களில் 0, 1, 5 மூன்றும் கிடையாது. ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் பெரும்பாலானவற்றைத் தயாரித்தவர்களே விட்டுவிட்டார்கள். ஆக, 'ஏ' போலத் தெரிந்தால் அது 4. இசட் போலத் தெரிந்தால் 2. 'யு' போலத் தெரிந்தால் பெரும்பாலும் 'வி'. பூஜ்யம் போலத் தெரிந்தால் வால் தேய்ந்த 'க்யூ'வாக இருக்கலாம். எஸ் போலத் தெரிந்தால் 8-ஆ என்று பாருங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த சாவிகளில் மட்டும் 'என்' சேர்ந்தது.

மிச்சமுள்ளவை 24 குறிகள். கணக்கு ஆசிரியர்கள் 24-ஐ 25 முறை பெருக்கிப் பாருங்கள், 35 இலக்க எண் வரும். ஊகித்துப் போட்டுப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை அதோடு விட்டுவிடலாம். ஓரிரு எழுத்து மட்டும் ஐயம் என்றால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியம்தான். ஸ்டிக்கரைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கைப்பேசியில் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கி, கருமையைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு படத்தில் தெரியும்.

ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்யும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. நம் நாக்கில் 'பி'யும் 'பி'யும் ஒன்று, 'டி'யும் 'டி'யும் ஒன்று. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது கைவந்த கலை. பலூனுக்கு வரும் பி, பென்சிலுக்கு வரும் பி, நாய்க்கு வரும் டி, புலிக்கு வரும் டி என்று சொல்லிக்கொண்டே அடியுங்கள்.

சாவி சரி, வட்டும் சரி, ஆனாலும் "இந்தச் சாவி செல்லாது" என்று வரும். பெரும்பாலும் காரணம் பதிப்பு வேறுபாடு. ஹோம் பேசிக் சாவியை புரொஃபஷனல் வட்டு ஏற்காது. ஸ்டிக்கரில் பதிப்பின் பெயரும் அச்சாகியிருக்கும், அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். 32 பிட், 64 பிட் என்ற வேறுபாட்டுக்குச் சாவி கவலைப்படாது. இன்னொன்று, சாவியைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் 7 போட்டு வந்த பெரிய நிறுவனக் கணினிகளில் அவை காட்டுவது, தொழிற்சாலையில் எல்லாக் கணினிக்கும் பொதுவாகப் போட்ட சாவியை. அதைப் படியெடுத்து வைத்தால் பின்னால் கைகொடுக்காது. ஸ்டிக்கரில் உள்ளதுதான் உங்கள் கணினிக்கானது.

விண்டோஸ் 8 முதல் இந்த ஸ்டிக்கர் வேலை குறைந்துவிட்டது. சாவியை மதர்போர்டிலேயே பதித்துவிட்டார்கள். அதே பதிப்பை நிறுவினால் அது தானே படித்துக்கொள்ளும். சாவி கேட்கிற இடத்தைத் தாண்டிப் போகலாம். இதில் ஒரு கண்ணி உண்டு. இடி மின்னலில் மதர்போர்டு போய், கடையில் வேறொன்று மாற்றினால், பதிந்திருந்த சாவியும் பழைய போர்டோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வகுப்பு முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்வது அதனாலும்தான்.

இத்தனை பாடு எதற்கு, கடையில் 'கிராக்' போட்டுக் கொடுத்துவிடுவார்களே என்று பின்வரிசையில் ஒரு சார் முணுமுணுப்பது கேட்கிறது. அவர் கேட்பது நியாயமான கேள்வி, ஏனென்றால் நடப்பு அதுதான். அதைப் போடும்போது முதலில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வைரஸ் தடுப்பை அணைக்கிறார்கள். பிறகு புதுப்பிப்பையும் அணைத்து வைக்கிறார்கள், இல்லாவிட்டால் குட்டு வெளிப்படும். அதாவது பூட்டைக் கழற்றிவிட்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, நம்மைப் போலவே மலை மாவட்டமான வயநாட்டில் ஊராட்சி அலுவலகக் கணினிகள் சிலவும் பூட்டிக்கொண்டன. கோப்பைத் திறக்கப் பணம் கேட்டது அது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. அதைப் போட்டிருந்த கணினிகள் தப்பின. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கிக் கணக்கு என்று எல்லாம் நாம் தட்டச்சு செய்கிற கணினியில், யார் செய்ததென்று தெரியாத ஒன்றை ஓடவிடுவதை நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு வகுப்பில் 'பார்த்து எழுதாதே' என்று சொல்ல வேண்டியவர்களும் நாம்தானே!

இப்போது மூன்றாவது பொருள், நம் கோப்புகள். கணினி கிளம்பவில்லையே, எப்படி எடுப்பது என்பீர்கள். விண்டோஸ் கிளம்பவில்லை என்பதால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பொருளில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைக் கிளப்புங்கள். நிறுவ வேண்டாம், 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தால் போதும். உங்கள் சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் தெரியும். இன்னொரு பென்டிரைவைச் செருகிப் படியெடுத்துக்கொள்ளலாம். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி தேவை. அதை இன்றே, கணினி நன்றாக ஓடும்போதே, எடுத்து எழுதி வையுங்கள்.

படியெடுக்கும்போது டாக்குமென்ட்ஸ் கோப்புறையோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பழக்கம் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போடுவது. சுற்றறிக்கைகள் டவுன்லோட்ஸில் கிடக்கும். இவை எல்லாமே சி டிரைவ்தான்.

எழுத்துருக்களை எடுக்க நம்மில் பத்துப் பேரில் ஒருவர்கூட நினைப்பதில்லை. தமிழ் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓ.எஸ். போட்டு முடித்து, பத்திரமாகப் படியெடுத்த வினாத்தாளைத் திறந்தால், எல்லாம் கோணல் ஆங்கிலமாக நிற்கும். 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மொத்தத்தையும் புதிதாக அடிக்க உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையில் இருந்தது, ஓ.எஸ். போட்டபோது அதோடு போய்விட்டது. எழுத்துருவை மறுபடி நிறுவினால் 'அம்மா' திரும்பி வந்துவிடுவாள். ஆகவே ஃபான்ட்ஸ் கோப்புறையையும் படியெடுங்கள்.

இதற்கு நிலையான தீர்வு ஒருங்குறி. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒருங்குறியில் அடித்தது எந்தக் கணினியிலும், கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும். எக்ஸ்பி காலத்தில் இதிலும் ஒரு வட்டுக் கதை உண்டு. தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து தெரிய, எக்ஸ்பி வட்டைச் செருகித் தனியாக ஒரு வசதியை நிறுவ வேண்டும். வட்டு தொலைந்த பள்ளியில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். 'ஒருங்குறி சரியில்லை' என்ற பேச்சு அப்போது கிளம்பியது; இன்னும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 7 முதற்கொண்டு அந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்கும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. விடுமுறையில் ஒரு பொழுது உட்கார்ந்தால் ஐந்தாண்டு வினாத்தாளும் மாறிவிடும்.

நிறுவுகிற வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், பிற்பகலில் செய்தே பார்க்கப் போகிறோம். வட்டிலிருந்து கிளப்பியதும் எந்தப் பகுதியில் நிறுவுவது என்று பட்டியல் வரும். சி எது, டி எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வட்டில் அவ்வளவு எளிதாக எழுத்துப் போட்டுக் காட்டாது. விண்டோஸ் 7-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், ஃபார்மட் செய்யாமலேயே அதே சி டிரைவில் நிறுவலாம். பழையவை எல்லாம் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் சொன்ன அந்தப் பள்ளியில் இதைச் செய்திருந்தாலே சான்றிதழ்கள் பிழைத்திருக்கும். ஃபார்மட் அடிப்பது பல கடைகளில் ஒரு கைப்பழக்கம், அவ்வளவுதான். அந்தக் கோப்புறை நாளடைவில் தானே அழிக்கப்படலாம் என்பதால் உடனே படியெடுத்துவிடுங்கள். இன்னொன்று, இணைய அட்டையின் டிரைவரை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.எஸ். போட்டபின் இணையம் வராது, டிரைவர் இறக்க இணையம் வேண்டும் என்று மாட்டிக்கொள்வோம். மலையில் பக்கத்து வீட்டுக்கு ஓடி இறக்கிவரவும் வழியில்லை.

உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் அமைப்பு வேறு, பராமரிப்பு ஏற்பாடும் வேறு. புகார் பதிந்துவிட்டுக் காத்திருங்கள். நான் பேசுவது உத்தரவாதக் காலம் முடிந்த பழைய கணினிகளைப் பற்றி.

அந்தப் பழைய கணினிகளைப் பற்றியே இன்னும் கொஞ்சம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று நாள் குறித்தார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால், நம்மிடமுள்ள பழைய மதர்போர்டையும் புராசசரையும் அது தகுதியற்றவை என்று ஒதுக்குகிறது. சாவி இருந்தும் பயனில்லாத நிலை. கணினியோ நன்றாக ஓடுகிறது. இங்கேதான் சாவியே கேட்காத இயங்குதளங்களை நாம் பார்க்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சென்னை சி-டாக் மையம் 2007-இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், கணினியைக் கிளப்பினால் விண்டோஸா பாஸா என்று கேட்கும். நம் பிள்ளைகளில் பலர் வாங்கிய வாரமே பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றிக்கொண்டார்கள் என்பதும் உண்மைதான். 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. பாடம் நடத்துகிறோம், கணினியில் போட்டுக் காட்டத் தயங்குகிறோம். கேரளத்தில் கைட் நிறுவனம் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளம் தயாரித்துக் கொடுக்கிறது. அங்கே ஆசிரியர்களே அதை நிறுவுகிறார்கள்.

எல்லாக் கணினியையும் நாளைக்கே மாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சில பழைய பிரிண்டர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும், அலுவலக அறைக் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம். ஆனால் எமிஸ் பணி உலாவியில் நடப்பது, ஃபயர்பாக்ஸ் இருந்தால் போதும். லிப்ரே ஆபீஸில் வினாத்தாள் அடிக்கலாம். பாமினி எழுத்துருவைப் போட்டால் பழைய கோப்பும் திறக்கும். வகுப்பறையில் தூசி படிந்து நிற்கும் ஒரு கணினியில் தொடங்குங்கள். 'நாளைக்குக் கல்லூரிக்குப் போனால் விண்டோஸ்தானே இருக்கும்' என்று பெற்றோர் கேட்டால், கோப்புறை திறக்கவும் தட்டச்சு செய்யவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்வேன். உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் பிற்பகலில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாகத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் இருப்புப் பதிவேட்டில் கணினியின் வரிசை எண் இருக்கும், விலை இருக்கும், பெற்ற நாள் இருக்கும். சாவி எண் இருக்காது. ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, பதிப்பின் பெயர், சாவி எண், கோப்புகளின் நகல் எந்தப் பென்டிரைவில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதிவிடுங்கள். மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதுவும் சேரட்டும். பதிவேடு அலுவலக பீரோவுக்குள்ளேயே இருக்கட்டும், சாவி எண்ணைச் சுவரில் ஒட்ட வேண்டாம், வாட்ஸாப் குழுவில் போடவும் வேண்டாம்.

உங்களில் ஏழெட்டுப் பேர் பழைய மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் இருவராக உட்காருவோம். முதலில் அதைத் திருப்பிப் போட்டு, அடியிலிருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுங்கள். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால் மற்றதைத் தொடங்கலாம்.